எலும்பு இல்லையா, படத்தில் இல்லையா?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து, விடுதியில் தங்கி இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு ஒரு நாள் செய்முறை வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் பெரிய உறை. அதற்குள் வழவழப்பான தாளில் அச்சிட்ட தாடைப் படங்களும், ஒரு குறுந்தகடும், ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையும் இருந்தன.

"சார், கீழ் முன்பல்லு நாலுக்கும் முன்பக்கம் எலும்பே இல்லைன்னு எழுதியிருக்காங்க. எலும்பு இல்லாம பல்லு எப்படி சார் நிக்குது? ஆட்டிப் பார்த்தேன், ஆடவே இல்ல."

பல்லுக்குக் கம்பி போட்டு வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சாமையும் மரவள்ளியும் பயிர் செய்து, பருவத்தில் கடுக்காயும் புளியும் விற்கும் அவள் தந்தை அதற்கென்று பணம் சேர்த்திருந்தார். நகரத்துச் சிகிச்சையகம் ஒன்றில் முதலில் ஒரு முப்பரிமாணப் படம் எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்தார்கள். எலும்பின் தடிமன் என்ற தலைப்பின்கீழ் நான்கு பற்களுக்கும் எதிரே 0.00 மி.மீ. என்று அச்சாகியிருந்தது. எலும்பு ஒட்டு அறுவை செய்த பிறகே கம்பி போட முடியும், இல்லையேல் விட்டுவிடுங்கள் என்றார்களாம். அந்த அறுவைக்குச் சொன்ன தொகை, சேர்த்து வைத்ததைவிடப் பெரியது. ஊருக்குத் திரும்பியபோது செய்தி இன்னும் வளர்ந்து, "பல்லெல்லாம் கொட்டிப்போகும்" என்று உறவினர் பேசத் தொடங்கியிருந்தனர்.

நான் பல் மருத்துவன் அல்லன். ஒரு பல்லை எப்படி நகர்த்த வேண்டும், நகர்த்தக் கூடாது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அளவீடு என்று வந்துவிட்டால் அது எங்கள் பாடம். முதலாண்டு மாணவன் கையில் வெர்னியர் அளவியைக் கொடுத்தவுடன் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதன் மீச்சிற்றளவு என்ன?" என்பதே. வெர்னியருக்கு 0.1 மி.மீ.; திருகு அளவிக்கு 0.01 மி.மீ. வெர்னியரால் அளந்துவிட்டு 2.37 மி.மீ. என்று எழுதும் மாணவனின் ஏட்டில் சிவப்பு மையால் சுழிக்கிறோம். 0.00 என்று எழுதிய அந்த அறிக்கையில் கருவியின் மீச்சிற்றளவு எங்கும் குறிப்பிடப்படவில்லை. இக்கட்டுரை அந்த இரண்டு சுழிகளைப் பற்றியது.

முதலில், எலும்பின் தடிமனை ஏன் பார்க்க வேண்டும் என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஆணி அறைந்ததுபோல் பல் எலும்பில் அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. இடைவெளி உண்டு. அதில் நிறைந்திருக்கும் நார்கள் பல்லை ஊஞ்சலில் தொங்கவிட்டாற்போல் பிடித்திருக்கின்றன. கம்பி கட்டி மெல்ல அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. இழுவை ஏற்படும் பக்கத்தில் புதிய எலும்பை உண்டாக்கும் செல்கள் கூடுகின்றன. இப்படி முன்னே கரைந்து பின்னே வளர்ந்து, பல் எலும்புக்குள்ளேயே ஊர்ந்து செல்கிறது. எனவே ஊர்ந்து செல்லும் திசையில் எலும்பு இருக்க வேண்டும். கீழ்த்தாடை முன்பற்களின் உதட்டுப் பக்கத்தில் அது பலருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடுதான். சிலருக்கு அதில் பாதிகூட இராது. அந்தத் தகட்டைத் தாண்டிப் பல்லை முன்னே தள்ளிவிட்டால் வேர் வெளிப்படலாம், ஈறு கீழிறங்கலாம். போன எலும்பு எளிதில் திரும்பாது. ஆகவே, சிகிச்சைக்கு முன் தடிமனைப் பார்க்க விரும்பும் மருத்துவரைக் குறை சொல்ல இடமில்லை.

எதைக் கொண்டு பார்ப்பது என்பதில்தான் சிக்கல். 1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். டிசம்பர் இறுதியில் அறிவித்தார். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் ஆட்டோ வால்க்ஹாஃப் என்ற பல் மருத்துவர் தம்முடைய பற்களையே படம் எடுத்துக்கொண்டார். 25 நிமிடம் கதிர் முன்னே கிடந்தார் என்பது வரலாறு. இன்று வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படத்துக்கு ஒரு நொடியில் ஒரு பங்கு போதும். 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையை அசையாமல் பிடித்துப் பக்கவாட்டில் படமெடுக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். பல் சீரமைப்பு மருத்துவர்கள் இன்றும் அதைக்கொண்டுதான் கோணங்களை அளக்கிறார்கள். கதிர்மூலம் முகத்தின் நடுத்தளத்திலிருந்து 150 செ.மீ. தொலைவிலும், படத்தகடு நடுத்தளத்துக்கு அப்பால் 15 செ.மீ. தொலைவிலும் இருந்தால் உருப்பெருக்கம் 165/150, அதாவது 1.1. பத்து மி.மீ. எலும்பு பதினொன்றாகத் தெரியும். இது பெரிய குறை அன்று. தெரிந்த பிழையைக் கழித்துவிடலாம். பெரிய குறை வேறு: இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நான்கு முன்பற்களும் ஒரே நிழலாகிவிடும்.

நம் ஊர்களில் எல்லாரும் அறிந்த ஓ.பி.ஜி. என்னும் அகலப் படம் தாடையைப் பாய்போல் விரித்துக் காட்டும். முளைக்காத பல், புதைந்த கடைவாய்ப்பல், வேரின் சாய்வு ஆகியவற்றை ஒரே பார்வையில் காட்டுவதால் அது மிகவும் பயனுள்ளது. ஆனால் உதட்டுப் பக்கத்துக்கும் நாக்குப் பக்கத்துக்கும் இடையிலுள்ள தடிமனைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. தோசையின் நிழலைச் சுவரில் பார்த்து அதன் விட்டத்தைச் சொல்லலாம், கனத்தைச் சொல்ல முடியுமா? கதிர் செல்லும் திசையிலுள்ள நீளம் நிழலில் விழாது. ஓ.பி.ஜி. படத்தைத் தூக்கிப் பிடித்து "எலும்பு மெலிசாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அவர் உயரத்தைச் சொல்கிறாரா தடிமனைச் சொல்கிறாரா என்று கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கூம்புக் கற்றைக் கணினிப் படம். மருத்துவர்கள் சுருக்கமாக சி.பி.சி.டி. என்பார்கள். ஹௌன்ஸ்ஃபீல்டின் கருவி 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்கே வெட்டியதுபோல் காட்டியது. அதில் கதிர் ஒரு மெல்லிய கற்றை. சி.பி.சி.டி.யில் கதிர் கூம்பாக விரிந்து தலையைக் கடந்து எதிரே உள்ள தட்டையான உணர்பலகையில் விழும். மூலமும் பலகையும் தலையை ஒருமுறை சுற்றிவரும். சில நொடிகளில் நூற்றுக்கணக்கான நிழல்கள் பதிவாகும். அந்த நிழல்களிலிருந்து உருவத்தைத் திரும்பக் கட்டும் கணக்குமுறையை 1984இல் வெளியிட்டவர்கள் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர். ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த கணக்கு இன்று பல் மருத்துவமனையில் உழைக்கிறது! இத்தாலியில் மொட்சோ குழுவினர் பல்லுக்கென்று அமைந்த கருவியைப் பற்றி 1998இல் எழுதினர். அதே காலத்தில் ஜப்பானில் அராய் குழுவினரும் அதைச் செய்துகொண்டிருந்தனர்.

திரும்பக் கட்டிய உருவம் சிறு சிறு கனசதுரங்களால் ஆனது. அதற்கு வாக்ஸல் என்று பெயர். செங்கல்லால் சுவர் கட்டுவதுபோல வாக்ஸல்களால் தாடை கட்டப்படுகிறது. ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரே ஒரு சாம்பல் நிறம்தான் உண்டு. அந்த இடத்தில் உண்மையில் இருக்கும் பொருள்களின் சராசரி அது. பல் கருவிகளில் வாக்ஸலின் பக்கம் பொதுவாக 0.08 மி.மீ. முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். முகம் முழுவதையும் ஒரே சுற்றில் எடுக்கும்போது 0.3, 0.4 என்று பெரிதாக வைப்பதே வழக்கம். மாணவி கொண்டுவந்த குறுந்தகட்டைக் கல்லூரிக் கணினியில் போட்டுப் பார்த்தோம். படத்துடன் ஒட்டிய விவரக் குறிப்பில் 0.4 என்றிருந்தது. 0.00 என்ற எண்ணின் கதை அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு வாசகர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செலவு ஏதும் இல்லை. கறுப்புத் தாளில் 3 மி.மீ. அகலமுள்ள ஒரு பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ. என்பது உண்மையில் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இது 0.3 மி.மீ. தடிமனுள்ள எலும்புத் தகடு. ஒளி ஊடுருவும் தாள் ஒன்றில் 4 மி.மீ. இடைவெளியில் இணைகோடுகள் வரையுங்கள். இது 0.4 மி.மீ. வாக்ஸல் வரிசை. கோட்டுத் தாளைப் பட்டையின்மேல் கோடுகள் பட்டைக்கு இணையாக இருக்கும்படி, பாராமல் வையுங்கள். இனி விதி: ஒரு கட்டத்தில் பாதியோ அதற்கு மேலோ கறுப்பாக இருந்தால் அக்கட்டம் முழுவதும் எலும்பு, பாதிக்குக் குறைந்தால் அங்கே எலும்பு இல்லை. கணினி எலும்பையும் எலும்பல்லாததையும் பிரிப்பதும் இப்படி ஒரு வாசல் அளவை வைத்துத்தான்.

பட்டை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் அக்கட்டத்தில் முக்கால் பங்கு கறுப்பு. கணினி 0.4 மி.மீ. எலும்பு என்று சொல்லும். பட்டை இரண்டு கட்டங்களின் நடுக்கோட்டின்மேல் சரிபாதியாக விழுந்தால் ஒவ்வொன்றிலும் 1.5 மி.மீ.தான், நான்கில் 1.5 என்பது பாதிக்குக் குறைவு. இரண்டு கட்டங்களுமே வெள்ளை! எலும்பு 0.00. பட்டை மாறவில்லை, அதன் அகலம் மாறவில்லை. கோடுகள் எங்கே விழுந்தன என்பது மட்டுமே மாறியது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பாராமல் வைக்கும் நான்கு தடவைகளில் ஒரு தடவை எலும்பு மறைந்துபோகும். வாசல் அளவைப் பாதியிலிருந்து 60 விழுக்காட்டுக்கு உயர்த்துங்கள்; மறையும் வாய்ப்பு கால் பங்கிலிருந்து 45 விழுக்காடாகிவிடும். பட்டையை 5 மி.மீ. அகலமாக வெட்டினால் அது மறைவதில்லை. பாதி என்ற வாசல் அளவில் சில தடவை 0.4 என்றும், சில தடவை 0.8 என்றும் காட்டும். உண்மையான 0.5 ஒருபோதும் வராது. என் மாணவி இதை ஆய்வுக்கூட மேசையில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்து ஏட்டில் குறித்துக்கொண்டாள். அன்று இரவு விடுதி மூடும் நேரம் வரை போகவில்லை.

இது தாளில் செய்த எளிய சோதனை. வாயில் நிலைமை இன்னும் மோசம். வாக்ஸல் 0.4 என்றால் 0.4 மி.மீ. வரை தெளிவாகத் தெரியும் என்று பொருளல்ல. அடுத்தடுத்த இரண்டு பொருள்களை இரண்டாகப் பிரித்துக் காண, அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் தன் பங்குக்கு ஒரு வாக்ஸலாவது பெற வேண்டும். வேருக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நார்ப்பகுதியோ 0.2 மி.மீ.தான். அது படத்தில் கரைந்துவிட்டால் வேரும் எலும்பும் ஒரே வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும்; வேரின் எல்லை எது, எலும்பின் எல்லை எது என்று பார்ப்பவர் கண்ணால் ஊகித்துக் கோடு போட வேண்டும். கூம்புக் கற்றை அகன்றது. ஆகவே சிதறும் கதிரும் அதிகம், அது படத்தை மங்கச் செய்யும். சுற்றும் நொடிகளில் பிள்ளை எச்சில் விழுங்கினாலும், மூச்சை இழுத்தாலும் தாடை சற்று நகரும். அரை மில்லிமீட்டர் தகட்டை அளக்கும்போது அரை மில்லிமீட்டர் அசைவு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே பல்லில் உலோகம் ஒட்டியிருந்தால் அதிலிருந்து கீற்றுகள் பரவும். அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாக்ஸலைச் சிறிதாக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். பக்கத்தை 0.4இலிருந்து 0.2 ஆகக் குறைத்தால் பருமன் எட்டில் ஒன்றாகிறது. ஒவ்வொரு வாக்ஸலின் நிறத்தையும் பழைய உறுதியுடன் சொல்ல வேண்டுமானால், இந்தச் சிறு வாக்ஸலுக்கும் முன்பு பெரிய வாக்ஸலுக்குக் கிடைத்த அத்தனை ஒளித்துகள்கள் கிடைக்க வேண்டும். எளிய கணக்குப்படி எட்டு மடங்கு கதிர் வேண்டும். கதிரைக் கூட்டாமல் வாக்ஸலை மட்டும் சிறிதாக்கினால் படம் மணல் தூவியதுபோல் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை. படும் பகுதியைச் சுருக்கி, நான்கு பற்களை மட்டும் எடுப்பது ஒரு வழி. ஆனால் கம்பி போடுவதற்குமுன் முகம் முழுவதையும் எடுத்து வைத்துக்கொள்வதில்தான் பலருக்கும் ஆசை.

ஆராய்ச்சியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2010இல் லியங் குழுவினர் உலர்ந்த மண்டையோடுகளைப் படமெடுத்து, பிறகு அதே எலும்பை நேரில் பார்த்து ஒப்பிட்டனர். எலும்புத் தகட்டில் சன்னல்போல் விழும் துளைகள், நேரில் எண்ணியதைவிடப் படத்தில் அதிகமாகத் தெரிந்தன. 2011இல் சன் குழுவினர் பன்றித் தாடையில் எலும்பைச் சிறிது சிறிதாகச் செதுக்கி மெலிதாக்கிப் படமெடுத்தனர். தடிமன் வாக்ஸல் அளவை நெருங்கியதும், எலும்பின் உயரம் மாறாதபோதும் படத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறைந்து காட்டியது. எலும்பு அழியவில்லை, படத்திலிருந்து நழுவியது. 2012இல் சூரிச்சில் பட்காஸ் குழுவினர் உயிரற்றோர் தலைகளில் கீழ் முன்பற்களையே எடுத்து ஆராய்ந்தனர்; அதாவது நம் மாணவியின் நான்கு பற்களை. 0.4 மி.மீ., 0.125 மி.மீ. ஆகிய இரண்டு அளவுகளிலும் படமெடுத்தனர். சிறிய வாக்ஸலாலும்கூட மெல்லிய உதட்டுப்புற எலும்பை நம்பத்தக்கவாறு காட்ட முடியவில்லை என்றும், இல்லாத குறையை இருப்பதாகக் காட்டும் இடர் உண்டு என்றும் அவர்கள் எழுதினர்.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பற்களின் அளவுகளைக் கூட்டிச் சராசரி பார்த்தால் பிழை சிறிதாகத் தோன்றும். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அப்படி. ஆனால் நாற்காலியில் அமர்ந்திருப்பவள் சராசரி அல்லள். அவளுக்கு உரியது ஒரு பல்லின் ஓர் அளவு. அதன் பிழை எவ்வளவு என்பதே கேள்வி. இன்னொன்று: உலர்ந்த மண்டையோடு எச்சில் விழுங்காது. அதற்கு உதடும் ஈறும் நாக்கும் இல்லை. அங்கேயே தடுமாறும் கருவி உயிருள்ள பிள்ளையிடம் இன்னும் நன்றாக அளக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி? இவ்வளவு தெரிந்த பிறகும், எலும்பின் தடிமனை இரண்டு தசம இடங்களுடன் அட்டவணையிடும் கட்டுரைகளை இதழ்களில் பார்க்கிறேன். நான் புரட்டிய சிலவற்றில் வாக்ஸல் அளவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் துறையில் பிழை எல்லையைக் குறிக்காத அளவை அளவாகவே கொள்வதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருப்பது, வண்ணம் தீட்டிய முப்பரிமாண மண்டையோட்டுப் படம். அறிக்கையின் முதல் பக்கத்தில் தந்த நிறத்தில் பளபளவென்று இருக்கும். அதில் கீழ் முன்பற்களின் வேர்கள் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் எந்தத் தாய் பயப்படமாட்டாள்? அந்தப் பளபளப்பு முழுவதும் வாசல் அளவின் விளையாட்டு. கணினியில் ஒரு நழுவு பொத்தானை இப்பக்கம் தள்ளினால் எலும்பு வேரை மூடும். அப்பக்கம் தள்ளினால் வேர் வெளியே வரும். ஆய்வுக்கூடத்தில் நாங்களே தள்ளிப் பார்த்தோம். "அட, இப்போ எலும்பு வந்துருச்சு சார்!" என்று அவள் சிரித்தாள். பெற்றோரிடம் காட்ட வேண்டியது சாம்பல் நிறக் குறுக்குவெட்டுப் படமே. அது மங்கலாக இருக்கும். அந்த மங்கல்தான் அளவின் உண்மையான நிலை.

இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்று உண்டு. "அது கதிர்வீச்சு, புற்றுநோய் வரும், பிள்ளைகளுக்கு எடுக்கவே கூடாது" என்பார்கள். இவர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. லட்லோ குழுவினர் 2015இல் தொகுத்த கணக்குப்படி, பெரிய, நடுத்தரப் பரப்புக்குச் சிறுவர்கள் பெறும் கதிரளவு சராசரியாக 175 மைக்ரோசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் மனிதர் எல்லாரும் ஆண்டுதோறும் பெறும் இயற்கைக் கதிர் உலகச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட். அப்படியானால் அந்தப் படம் ஏறத்தாழ 27 நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். ஒரு ஓ.பி.ஜி. என்றால் சில நாள்கள்தாம். இது நடுங்க வேண்டிய அளவு அன்று. ஆனால் அதே தொகுப்பில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சராசரி அன்று, அதன் விரிவு: 13இலிருந்து 769 வரை! ஒரே பெயர் கொண்ட படம், கருவியையும் அமைப்பையும் பொறுத்து ஏறக்குறைய அறுபது மடங்கு வேறுபடுகிறது. கடையில் ஒரு கிலோ அரிசி கேட்டால் ஒருவருக்கு ஒரு கிலோவும் அடுத்தவருக்கு அறுபது கிலோவும் போடுவார்களா? எனவே "சி.பி.சி.டி. எடுக்கலாமா" என்ற கேள்வியைவிட, "எந்தப் பரப்புக்கு, எந்த வாக்ஸலில், எவ்வளவு கதிரில்" என்ற கேள்வியே பொருளுள்ளது. பெரியவர்களைவிடச் சிறுவர்களின் திசுக்கள் கதிருக்கு எளிதில் பாதிப்படையும் என்பதால் அவர்களுக்கு இக்கேள்வி இன்னும் அவசியம். நம் நாட்டில் இக்கருவிகள் 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. அதன் அனுமதி பெற்ற நிலையமா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. (ஈய மேலங்கி போட்டார்களா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைவோர் பலர். பல் படம் எடுக்கும்போது ஈய மேலங்கியும் கழுத்துப் பட்டையும் வழக்கமாக அணிவிக்கத் தேவையில்லை என்று 2024இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே பரிந்துரைத்துவிட்டது. கற்றையைத் தேவையான பரப்புக்குள் அடக்குவதும், தேவையற்ற படத்தைத் தவிர்ப்பதுமே உண்மையான காப்பு என்பது அவர்கள் வாதம். இயற்பியல் அதை ஒத்துக்கொள்கிறது.)

வெளிநாடுகளில் இந்த விவாதம் பழையது. 2010 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், சிறுவர்களின் பல் சீரமைப்புக்கு இக்கருவி விற்பனை முழக்கத்துடன் பரவுவதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. 2013இல் அமெரிக்க வாய், தாடை, முகக் கதிர்ப்பட இயல் கழகம், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே காரணம் கண்டு எடுக்க வேண்டுமே தவிர வழக்கமாக எல்லாருக்கும் எடுக்கலாகாது என்று நிலைப்பாடு அறிவித்தது. அண்ணத்தில் புதைந்து நிற்கும் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கிறதா என்று பார்க்க, பிளவுபட்ட அண்ணத்தில் எலும்பின் நிலையை அறிய, தாடை அறுவைக்குத் திட்டமிட - இவற்றுக்கெல்லாம் இப்படத்துக்கு ஈடு இல்லை. அங்கே பார்க்க வேண்டியது மில்லிமீட்டர் கணக்கில் பெரியது. பல்லை இழுக்கத் தாடையில் சிறு திருகு பதிக்க இடம் தேடும்போதும் சில வேளை உதவும். அரை மில்லிமீட்டர் தகட்டை அளக்கும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டுவது, நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பது போன்றது.

நான் இதையெல்லாம் சொன்னதும் மாணவியின் தந்தைக்கு மகிழ்ச்சி. "அப்போ எலும்பு இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார். அங்கேதான் நான் தயங்க வேண்டியிருந்தது. படத்தில் இல்லை என்பதால் எலும்பு இல்லை என்று ஆகிவிடாது. அதுபோலவே, படம் தவறலாம் என்பதால் எலும்பு இருக்கிறது என்றும் ஆகிவிடாது. பல ஆரோக்கியமான மனிதர்களுக்கு, பிறரறியாமல், அந்த இடத்தில் உண்மையிலேயே எலும்பில் திறப்பு உண்டு. எங்கள் கறுப்புப் பட்டைச் சோதனை சொன்னது இவ்வளவுதான்: 0.4 மி.மீ. வாக்ஸலில் 0.00 என்று வந்தால், அங்கே 0.3 மி.மீ. இருக்கலாம், 0.2 இருக்கலாம், சுழியும் இருக்கலாம். தகடு மிக மெல்லியது என்பது மட்டும் உறுதி. அறிக்கையில் "அரை மில்லிமீட்டருக்குக் குறைவு, இக்கருவியால் அதற்குமேல் சொல்ல இயலாது" என்று எழுதியிருந்தால் அது நேர்மையான அளவீடாக இருந்திருக்கும்.

அவர்கள் பிறகு ஓர் அரசுப் பல் மருத்துவமனைக்குச் சென்றார்கள். அங்கே மூத்த மருத்துவர் ஒருவர் படத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தாராம். விரலால் ஈற்றை வெளியிலிருந்து தடவி வேரின் மேட்டைப் பார்த்திருக்கிறார். ஈறு இறங்கியிருக்கிறதா என்று அளந்திருக்கிறார். பழைய பக்கவாட்டுப் படத்தில் கீழ்ப்பற்கள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று கோணம் போட்டிருக்கிறார். எலும்பு மெலிசுதான், ஆகவே கீழ்ப்பற்களை முன்னே தள்ளாமல், இருக்கும் இடத்திலேயே நிமிர்த்தி இடம் கண்டுபிடிக்க வேண்டும், விசை குறைவாக வைக்க வேண்டும், காலம் கூடுதலாகும் என்று சொன்னார். ஒட்டு அறுவையைப் பற்றி, இப்போது வேண்டாம், ஈறு இறங்கத் தொடங்கினால் பார்ப்போம் என்றாராம். அவர் சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அறிவில்லை. ஆனால் தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று வைத்து, அதற்கேற்ப வழியை வகுத்தார் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

இதை எழுதும்போது அவளுக்கு மேல்வரிசையில் கம்பி கட்டியிருக்கிறார்கள். கீழ்வரிசைக்கு இன்னும் சில மாதம் ஆகும். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வருவதால் வியாழக்கிழமைச் செய்முறை வகுப்பு தப்பிவிடுகிறது. அதைச் சனிக்கிழமை ஈடு செய்கிறாள். அந்தக் கறுப்புப் பட்டையும் கோட்டுத் தாளும் இப்போது எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில், வெர்னியர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. முதலாண்டு மாணவர்களுக்கு மீச்சிற்றளவு சொல்லிக்கொடுக்கும் நாளில் அவளே அதை எடுத்து வைத்து விளக்குகிறாள்.